நோன்புக் கஞ்சிக்குப் போன பூங்கார்

போன வருஷம் தை கடைசியில் நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குப் படுக்க இடம் இல்லை. வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் அக்காவும் மச்சானும். இன்னொன்றில் சுவரிலிருந்து சுவர்வரை நெல் மூட்டை. அக்கா ஒரு பாயைக் கொண்டுவந்து மூட்டைகளின் மேல் வீசினாள். அங்கிட்டே ஏறிப் படுத்துக்கொள், உருண்டு விழுந்தால் என்னைக் கேட்கக் கூடாது என்றாள். ஏறிப் படுத்தேன். கையை நீட்டினால் ஓட்டுக்குக் கீழே இருக்கும் சட்டம் விரலில் தட்டியது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, பேக்கரியில் மாவு பிசையும் மேடை, லாரியின் தார்ப்பாய் என்று எங்கெங்கோ படுத்திருக்கிறேன். அவற்றோடு பார்த்தால் நெல் மூட்டை நல்ல படுக்கை. நெல் சுணைதான் கொஞ்சம் அரிக்கும்.

எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை எழுதியவன் நான். முழுப் பரீட்சைக்குள் திருப்பூர் போய்விட்டேன். பிறகு கேரளா, பிறகு ஒரு லாரியில் கிளீனர், பிறகு ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி. இடது கால் கட்டைவிரல் நகம் போனது அங்கேதான், ஐஸ் பார் வழுக்கி விழுந்து. அது திரும்ப முளைக்கவில்லை. ஒரு நகம் வெட்டுகிற வேலை மிச்சம். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. வேலை போனாலோ, வேலையின் மேல் எனக்கு மனசு விட்டுப்போனாலோ, பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவேன். அவளும் எதுவும் கேட்க மாட்டாள். இந்தத் தடவை கேட்டாள்.

அந்த மூட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கும் மச்சானுக்கும் அறந்தாங்கிப் பக்கம் இரண்டு ஏக்கர். கண்மாய்த் தண்ணீர், கண்மாய் வற்றினால் ஒரு கிணறு. நாலு வருஷத்துக்கு முன்னால் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த மச்சான் வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கே அக்கா மருந்தடிக்கிற டேங்கைத் தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டாள். அத்தோடு மருந்து முடிந்தது. அடுத்த வருஷம் யூரியாவும் முடிந்தது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து பூங்கார் விதை கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தாள். சிவப்பு அரிசி. தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்கும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். உரத்துக்கு அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டாள். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வரும் கிடைக்காரர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுப்பாள், ஆடுகள் வயலுக்குப் போட வேண்டியதைப் போட்டுவிட்டுப் போகும். முதல் வருஷம் பாதிதான் விளைந்தது. மூன்றாம் வருஷம் அறை நிறைந்துவிட்டது.

விளைந்ததை வாங்கத்தான் ஆள் இல்லை. வழக்கமாக வரும் நெல் வியாபாரி ஒரு பிடி எடுத்து உமியை ஊதிப் பார்த்துவிட்டு, சிவப்பாக இருக்கிறதே, மற்ற நெல்லோடு கலந்து அடித்துக்கொள்கிறேன் என்றார். அக்கா கொடுக்கவில்லை. கலந்துதான் போகும் என்றால் மூன்று வருஷம் கிடைக்காரர்களுக்கு எதற்குச் சோறாக்கினேன் என்பது அவள் கேள்வி.

மச்சானும் பொறுத்துப் பார்த்தவர்தான். பக்கத்து வயல்காரர் தைலமரம் வைத்துவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். உழவு கிடையாது, களை கிடையாது, நாலைந்து வருஷம் கழித்து லாரி வந்து வெட்டிக்கொண்டு போகும். மச்சானுக்கு அந்த யோசனை பிடித்துப்போய் நாற்றுப் பண்ணையில் சொல்லியும் வைத்துவிட்டார். கோடை மழையில் குழி எடுக்க அடையாளம் வைக்க வேண்டுமே, அதற்காகக் கருவேலங் குச்சிகளைச் சீவி, நுனி கூராக்கி, கட்டுக்கட்டாகக் கட்டி மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்தார். அக்காவுக்கு அந்தக் கட்டைப் பார்த்தாலே பிடிக்காது. எங்கள் கிணற்றில்தான் நாலு வீடு குடிதண்ணீர் எடுக்கிறது. தைலமரம் வேரை விட்டால் முதலில் அதைத்தான் குடிக்கும்.

நான் போய் மூன்றாம் நாள் சாப்பாட்டில் இந்தப் பேச்சு வந்தது. மச்சான் தட்டில் வெள்ளைச் சோறு, என் தட்டிலும் அக்கா தட்டிலும் சிவப்புச் சோறு. அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

"பங்குனி முடிய பாப்பேன்" என்றார் மச்சான். "அதுக்குள்ள அந்த ரூமு காலியாச்சுன்னா நீ சொன்னபடி பூங்காரே போடுவோம். இல்லன்னா குழி வெட்டிருவேன். அப்பறம் அழுகக் கூடாது."

"அழுக மாட்டேன்" என்ற அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், ஊரு ஊரா சுத்துறியே, ஒனக்குத் தெரிஞ்சவுக ஒருத்தர்கூடவா அரிசி திங்க மாட்டாக?"

இப்படித்தான் நான் அரிசி விற்கப் போனேன்.

முதலில் புதுக்கோட்டைக்குப் போனேன். டவுனில் இயற்கைப் பொருள் விற்கும் கடை ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே ஊதுபத்தி வாசனை. முதலாளி மரியாதையான ஆள். பத்து கிலோ வாங்கி அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டினார். பூங்கார், கர்ப்பிணிகளுக்கு உகந்தது. அப்படி ஒரு பேச்சு பூங்காருக்கு உண்டு, பொய்யில்லை. ஆனால் நான் கடை வாசலில் ஒரு காலைப் பொழுது முழுவதும் நின்று பார்த்தேன். பேன்ட் சட்டை போட்ட ஒருவர் பாக்கெட்டை எடுத்தார், திருப்பினார், சீட்டைப் படித்தார், சுட்டது போலத் திரும்ப வைத்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஒரு அம்மா எடுத்தார். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மா, வீட்டில் விசேஷமா, எத்தனை மாசம் என்று கேட்டுவிட்டார். அவரும் வைத்துவிட்டார். சீட்டை எடுத்துவிடுங்கள் அண்ணே என்றேன். அதை எடுத்தால் எதற்காக வாங்குவது என்று கேட்பார்களே என்றார் முதலாளி.

இரண்டாவது கடையில் அதே அரிசி சர்க்கரை நோய்க்கு ஆனது. வாங்கிய பெரியவர் ஒருவர், ஒரு வேளைக்கு எத்தனை ஸ்பூன் என்று என்னைக் கேட்டார். மூன்று என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்பூன் ஸ்பூனாகப் போனால் என் படுக்கை ஒரு மூட்டை இறங்குவதற்குள் ஆடி வந்துவிடும். மருந்தாக விற்கிற வரைக்கும் ஸ்பூன்தான். சோறாகத் தின்கிறவர்கள் வேண்டும், பானை பானையாகப் பொங்குகிறவர்கள். நான் பார்த்ததிலேயே பெரிய பானை எது என்று யோசித்தபோது கோட்டைப்பட்டினம் ஞாபகம் வந்தது.

ஐஸ் கம்பெனியில் எனக்கு மேஸ்திரியாக இருந்த பாய் அந்த ஊர்க்காரர். என் நகம் போனபோது தன் லுங்கியைக் கிழித்துக் கட்டுப் போட்டவர். ரமலான் வந்தால் முப்பது நாளும் வேறு வேலைக்குப் போக மாட்டார், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். இரண்டு ஆள் சேர்ந்து பிடித்தாலும் கைக்கு அடங்காத தேக்சா. சாயங்காலம் தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும். அந்த வருஷம் நோன்பு மாசியில் வந்திருந்தது. பிறை பார்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது போனேன்.

பாய் ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மென்றார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஆட்டுக்கிடை, மருந்து இல்லாதது, அக்கா, கிணறு, தைலமரம், எல்லாம் சொன்னேன். அவர் மென்றுகொண்டே இருந்தார்.

பள்ளிவாசலுக்கு வேண்டிய பச்சரிசி சர்க்காரிலிருந்தே வந்துவிடும், புதிதாக வாங்க வேண்டியதில்லை என்றார் கடைசியில். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாள் கஞ்சியும் ஒவ்வொரு வீட்டார் செலவு, மூன்றாம் நோன்பு ஒரு விசைப்படகுக்காரர் வீட்டு முறை, அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார், அந்த ஒரு நாளுக்கு மட்டும் உன் அரிசியைப் போட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு விரலை நீட்டிச் சொன்னார்:

"தம்பி, இது கஞ்சிக்கு. தவுடு போகக் கூடாது. ரெண்டா மூணா ஒடைச்சுக் கொண்டாங்க. முழுசா கொண்டாந்தா எனக்கு வெறகுதான் போகும்."

வீட்டுக்கு வந்து மச்சானிடம் இதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். மில்லுக்குக் கொண்டுபோவதும் வண்டி ஏற்றுவதும் தன் பொறுப்பு என்றார். நான் இரண்டு நாள் முன்னதாகவே கோட்டைப்பட்டினம் போய்விட்டேன். பாய்க்குத் தேக்சா கழுவ ஒரு ஆள் தேவைப்பட்டது, எனக்குச் சாப்பாடு தேவைப்பட்டது.

மூன்றாம் நோன்பு அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அரிசி வந்தது. வாடகை வேனில், புது வெள்ளைச் சாக்கில், வாய் தைத்து, மேலே ஒரு பொட்டு மஞ்சள்கூட வைத்து. பாய் தையலைப் பிரித்தார். உள்ளே கை விட்டார். கையை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

வெள்ளை. உடையாத, தவிடு இல்லாத, கல் இல்லாத முழு அரிசி. அங்கங்கே ஒன்றிரண்டில் மட்டும் சிவப்பாய் ஒரு கோடு இருந்தது.

"இத நான் நம்ம கடத்தெருவுலயே வாங்கிருப்பேனே, தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மச்சானுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் அவர்தான் பேசினார்.

"வந்துருச்சா மாப்ள? தவுடு போக ரெண்டு பட்ட அடிச்சு, குருணைய எல்லாம் சலிச்சு எடுத்துட்டேன். மல்லியப்பூ கணக்கா இருக்குல்ல?"

"மச்சான், தவுடோட ஒடைச்சுத்தான கேட்டாக?"

"அவுக தன்மையா அப்பிடித்தான் கேப்பாக. அதுக்காக, நோன்பு இருக்கவுக குடிக்கிற கஞ்சிக்கு, பள்ளிவாசலுக்கு, கோழிக்குப் போடுற குருணையவா அனுப்புறது? நம்மள என்ன நெனைப்பாக?"

அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று யோசித்தால் எனக்கே பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு வெள்ளைச் சோறுதான். சிவப்பும் குருணையும் வீட்டு ஆளுக்கு, கோழிக்கு. மச்சான் மூன்று வருஷமாகப் பூங்காரை விளைவித்தாரே தவிர அதைச் சாப்பிட்டதில்லை. கடையில் வெள்ளை அரிசி வாங்கிச் சாப்பிட்டார். தன் தட்டில் போடக் கூச்சப்படுகிறதை இன்னொருவர் தட்டில் எப்படிப் போடுவார்?

போனில் மச்சான் குரலுக்குப் பின்னால் அக்கா குரல் கேட்டது. என்னங்க, என்ன சொல்றான் என்று கேட்டாள். பிறகு போன் அவள் கைக்கு மாறியது. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது இதுதான்:

"எத்தன மணிக்கு அடுப்பு மூட்டுவாக?"

லுஹர் தொழுகை முடிந்ததும் என்றேன். மணி ஒன்றரை ஆகும்.

வீட்டுச் சோற்றுக்கென்று அவள் தவிட்டோடு அரைத்து வைத்திருந்த பூங்கார் பச்சரிசி முக்கால் மூட்டை இருந்தது. அதை ஊர் மாவு மில்லில் கொடுத்து, கல்லைத் தளர்த்தச் சொல்லி ரவையும் குருணையுமாக உடைத்திருக்கிறாள். மச்சானின் மொபெட்டில் முன்னால் மூட்டை, பின்னால் அக்கா. அந்த வண்டி ஏற்றத்தில் ஆள் இறங்கித் தள்ள வேண்டிய வண்டி. வழியில் இரண்டு இடத்தில் அக்கா இறங்கித் தள்ளினாளாம்.

பாய் அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். பள்ளிக்கென்று வந்த பச்சரிசி மூட்டையையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர் கொதித்துவிட்டால் அதைத்தான் போடுவேன், ஊர் நோன்போடு காத்திருக்கிறது, உன் அக்காவுக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். நான் ரோட்டையும் தேக்சாவையும் மாறிமாறிப் பார்த்தேன். வெந்தயமும் பாசிப்பருப்பும் போட்டாகிவிட்டது. தண்ணீரின் ஓரத்தில் முட்டை முட்டையாகக் கிளம்ப ஆரம்பித்தபோது அந்த மொபெட் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம், ஆடு இருமுவது போல இருக்கும்.

பாய் மூட்டையைத் திறந்து கை விட்டார். சிவப்பும் பழுப்புமாக, தவிடு ஒட்டிய குருணை. மோந்து பார்த்தார். "இதத்தான தம்பி கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "ஒக்காருமா தங்கச்சி, நெழல்ல."

மச்சான் வாசலுக்கு வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளே வர மாட்டேன் என்றார். குருணையைக் கொண்டுவந்து கொடுத்ததற்கு இன்னும் வெட்கம் அவருக்கு.

கஞ்சி பாய் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கெட்டிப்பட்டது. தண்ணீர் ஊற்றினார். மறுபடி கெட்டிப்பட்டது. மறுபடி ஊற்றினார். நானும் இன்னொருவரும் குடம் சுமந்தோம். கடைசியில் தேக்சா விளிம்புக்கு வந்துவிட்டது, வழக்கத்தைவிட நாலு குடம் கூடுதல். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு நிறம் ரோஸ் ஆகிவிட்டது. அதைப் பார்த்து எனக்கே பயம்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து தூக்குவாளிகள் வந்தன. முதலில் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன காக்கா, கஞ்சில பீட்ரூட்டப் போட்டீங்களா?"

"நோன்பு தொறந்துட்டு வந்து பேசு" என்றார் பாய்.

வரிசை முழுவதும் அதே பேச்சு. படகுக்காரர் பெயின்ட் வாங்கிக் கொடுத்தாரா என்று ஒருத்தி, பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று ஒருத்தி. அக்கா நிழலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பாய் எங்களைப் போகவிடவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் மச்சானைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து பாயில் உட்கார வைத்து, பேரீச்சம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் வைத்தார். மச்சான் சுற்றிலும் பார்த்தார். எல்லார் கோப்பையிலும் அதே ரோஸ் கஞ்சி. படகுக்காரர் இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். மச்சான் குடித்தார். கோப்பையின் அடியில் இருந்ததை விரலால் வழித்தார்.

மல்லிகைப்பூ அரிசியை பாய் வீணாக்கவில்லை. அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேங்காய்ச் சோறாக்கி, கறிக்குழம்போடு எங்களுக்கே போட்டார். நல்ல அரிசி மாப்பிள்ளை என்று மச்சானிடம் சொன்னார். மச்சானுக்கு அன்றைக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

மறுநாள் நான் தேக்சா கழுவிக்கொண்டிருந்தபோது பீட்ரூட் கேட்ட பெண் வந்தாள். வாளி இல்லாமல் வந்திருந்தாள். நேற்றுக் குடித்த கஞ்சிக்கு இரவு பசியே எடுக்கவில்லை, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் வரைக்கும் தாங்கிவிட்டது, இன்றைக்கும் அதுதானா என்று கேட்டாள். இன்றைக்கு இல்லை என்றேன். அந்த அரிசி எங்கே கிடைக்கும் என்றாள். என்னிடம் என்றேன். சஹருக்கு அதில் கஞ்சி வைத்தால் பகல் பொழுதும் தாங்குமா என்று கேட்டாள். தெரியாது, நான் நோன்பு வைத்ததில்லை, நீங்கள் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐந்து கிலோ கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் எனக்குச் சொன்னதைவிடத் தெருவுக்குச் சொன்னதுதான் அதிகம். வாரம் முடிவதற்குள் பாய் வீட்டில் ஆள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். யாரும் பாக்கெட் கேட்கவில்லை. ஸ்பூன் கேட்கவில்லை. பத்து கிலோ, இருபது கிலோ, உடைத்தது வேண்டும், உடைக்காதது வேண்டும். பெருநாள் முடிந்த பிறகும் கேட்டார்கள். படகுக்குப் போகிற ஆம்பிளைகளுக்குக் காலையில் அதைக் குடித்துவிட்டுப் போனால் பசி தாங்குகிறதாம். கட்டுமாவடியில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் அரிசி போனது. ஒரு வீட்டில் மட்டும் வண்டு விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார்கள். மருந்து வைத்தால் வண்டு வராது, வைக்கட்டுமா என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று வெயிலில் காயப்போட்டுக்கொண்டார்கள். அடுத்த மூட்டையிலிருந்து அக்கா நொச்சி இலை போட்டு அனுப்பினாள்.

மொத்தமாகக் கேட்டது மில்லில் அரைத்து வாடகை வேனில் போனது. சில்லறையாகக் கேட்டதற்கு வாரத்துக்கு இரண்டு தடவை நான் பஸ்ஸில் மூட்டையோடு போனேன். கண்டக்டர்கள் என்னைக் கண்டாலே விசில் ஊதிவிடுவார்கள், வண்டி நிற்காமல் போக. பிறகு ஒரு கண்டக்டர் தனக்கும் ஐந்து கிலோ கேட்டார். அதிலிருந்து அந்த வண்டி எனக்கு நிற்கும்.

என் படுக்கை இறங்கிக்கொண்டே வந்தது. சட்டம் விரலுக்கு எட்டவில்லை. பிறகு ஜன்னல் என் தலைக்கு நேரே வந்தது. பிறகு ஜன்னல் மேலே போய்விட்டது. பங்குனி நடுவில் நான் ஒரு வரிசை மூட்டை மேல் படுத்திருந்தேன். மச்சான் தினமும் சாயங்காலம் அறை வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். எண்ணுகிறாரா என்று தெரியாது. அவருக்கு அக்கா எந்தச் சோறு போடுகிறாள் என்று ஒருநாள் கவனித்தேன். சிவப்பு.

பக்கத்தில் ஒரு ஏக்கர் வைத்திருக்கும் இரண்டு பேர் அக்காவிடம் வந்து, நாங்களும் பூங்கார் போட்டால் உன் தம்பி விற்றுக் கொடுப்பானா என்று கேட்டார்கள். அவன் இருந்தால் விற்பான், இல்லாவிட்டால் நானே பஸ் ஏறுவேன், ஆனால் மருந்து டேங்கை முதலில் பழைய சாமான்காரரிடம் போடுங்கள் என்றாள்.

பங்குனி முடிய ஐந்தாறு நாள் இருந்தது. அறையில் ஒரே ஒரு மூட்டை மிச்சம். அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அதற்குக் கோட்டைப்பட்டினத்தில் ஆள் காத்திருந்தார்கள், காலை வண்டிக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்திருந்தேன். விடிந்தும் விடியாததுமாக யாரோ மூட்டையைத் தலைக்கடியிலிருந்து உருவினார்கள். தலை தரையில் இடித்தது.

"எந்திரி மாப்ள" என்றார் மச்சான். "இது விக்கிறதுக்கு இல்ல. வெதைநெல்லு."

தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். நான் தலையைத் தடவிக்கொண்டே பின்னால் போனேன். களத்தில் தார்ப்பாய் விரித்திருந்தார். காற்று அடிக்கிற நேரம், தார்ப்பாய் ஓரம் படபடத்தது. மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கருவேலங் குச்சிக் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். தைலமரக் குழிக்காகச் சீவியவை. தார்ப்பாயின் நாலு பக்கமும், துளைக்கு ஒன்றாக, கல்லால் அடித்து இறக்கினார். நன்றாகச் சீவியிருந்தார், ஒரே அடியில் இறங்கின. பிறகு மூட்டையைக் கவிழ்த்துக் காலால் நெல்லைப் பரப்பினார்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். கோழி வருகிறது, விரட்டு என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்தேன். வெயில் ஏறுகிறவரை கோழி விரட்டினேன்.